கை நனைக்காத மீன்

முன்னொரு காலத்தில், தின்ற உப்புக்கு மனிதர்கள் பயந்து நடந்த காலத்தில், கடலோரமாக வெண்மேடு என்று ஒரு நாடு இருந்தது. நாடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பாதி உப்பளம், பாதி பனங்காடு, நடுவில் ஓர் அரண்மனை. அந்த அரண்மனைக்கு ஒரு ராஜா, ராஜாவுக்கு ஒரு கிரீடம், கிரீடத்துக்குப் பின்னால் ஒரு மந்திரவாதி. ராஜா பெயர் மகுடவர்மன், மந்திரவாதி பெயர் சாம்பலாண்டி. ராஜா சிங்காசனத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார். ஆணையெல்லாம் சாம்பலாண்டி வாயிலிருந்துதான் வரும். மந்திரி, தளபதி, வாசலில் வேல் பிடித்து நிற்கிறவன் வரைக்கும் அவன் கிழித்த கோட்டைத் தாண்டமாட்டார்கள். ஏன் என்று இப்போதே கேட்டால் எப்படி? அது தன் நேரத்தில் வரும்.

ஒரு நாள் அந்த அரண்மனைக்கு ஒரு மீன் வந்தது. எந்த ஆற்று மீன், எவன் வலையில் விழுந்தது, யாருக்கும் தெரியாது. ஒரு சாண் நீளம், வெள்ளிச் செதில், வாலில் குங்குமத்தைத் தொட்டு இழுத்த மாதிரி ஒரு சிவப்பு. சாம்பலாண்டி அதைத் தங்கக் கிண்ணத்தில் விட்டுச் சபை நடுவில் வைத்தான். வேளாவேளைக்குத் தன் கையாலேயே சோறு பிசைந்து போட்டான். நெய்ச்சோறு போட்டான், மீன் தின்னவில்லை. பால்சோறு போட்டான், மீன் தின்னவில்லை. பருப்புச்சோறு போட்டான், மீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோறு கிண்ணத்தில் ஊறி நாறியதுதான் மிச்சம். மீன் தின்னாவிட்டால் இவனுக்கென்ன வயிற்றெரிச்சல் என்று ஊர் கேட்டது. வாய்விட்டு இல்லை, மனசுக்குள்ளே.

பிறகு தண்டோரா போட்டான். அரண்மனை மீனைத் தின்னவைப்பவர் கேட்டதைப் பெறலாம், தின்னவைக்க வந்து தோற்றவர் உப்பாய்ப் போகலாம் என்று பறை கொட்டிச் சொன்னார்கள். உப்பாய்ப் போவதாவது என்று சிரித்துக்கொண்டே முதலில் வந்தவர் அரண்மனைச் சமையல்காரர் அம்பலவாணர். அறுசுவையும் சமைத்துக் கொட்டினார், மீன் தின்னவில்லை. அடுத்து ஒரு பாட்டுக்காரர் வந்தார். தாலாட்டில் ஆரம்பித்து ஒப்பாரி வரைக்கும் பாடிப் பார்த்தார், மீன் தின்னவில்லை. சாம்பலாண்டி தன் இடுப்பில் தொங்கிய தோல்பையிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அவர்கள் முகத்தில் ஊதினான். ஊதியதுதான் தாமதம், இரண்டு பேரும் நின்ற நிலையில் வெள்ளை வெளேரென்று உப்புச் சிலையாகிவிட்டார்கள். அவர்களைத் திறந்த முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, மழை வரட்டும் என்றான் பாவி.

இனி யார் வருவார்கள்? உயிர் என்ன வெல்லக்கட்டியா? ஆள் வராததால் சிப்பாய்கள் ஆளைத் தேடிப் புறப்பட்டார்கள்.

நாட்டின் தெற்குக் கோடியில், உப்பளத்தை ஒட்டிய குடிசையில், சடைச்சி என்று ஒருத்தி இருந்தாள். கிணற்றுக்கு மீன் விடுவது அவள் தொழில். புதுக்கிணறு வெட்டினால் தண்ணீரில் பூச்சி புழு சேராமலிருக்க மீன் விடுவார்கள் இல்லையா, அந்த மீனைக் குளத்தில் பிடித்து, குடத்தில் சுமந்து, வழியில் சாகாமல் கொண்டுபோய் விடுவாள். அவள் புருஷன் கொம்பையா உப்பளத்தில் உப்பு வாருகிறவன். அவசரக்காரன், ஆனால் மனசு தங்கம். பொண்டாட்டி தலையில் குடம் ஏற்றிவிடும்போதுகூட, பார்த்துப் போ புள்ள என்று தெருமுனை வரைக்கும் சொல்லிக்கொண்டே வருவான்.

சிப்பாய்கள் வந்த அன்று சடைச்சி பக்கத்து ஊருக்குப் போயிருந்தாள். மீன் விடுகிற ஆள் யார் என்று அதட்டினார்கள். கொம்பையா ஒரு நிமிஷம் யோசித்தான். அவள் என்று சொன்னால் அவளை இழுத்துக்கொண்டு போவார்கள். "நான்தான்" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். பொய்தான். அந்த மாதிரி ஒரு பொய் சொல்ல ஆள் கிடைத்தவள் பாக்கியசாலி.

அவனுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும்? கையில் சோற்றை வைத்துக்கொண்டு, தின்னு ராசா, தின்னு தங்கம் என்று கிண்ணத்துக்குள் கையை நீட்டிக்கொண்டே நின்றான். மீன் தின்னவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே உப்பாய்ப் போனான்.

செய்தி கேட்டு சடைச்சி மண்ணில் விழுந்து அழுதாள். அழுது முடித்து நிமிர்ந்து பார்த்தால், கிழக்கே கடலுக்கு மேல் முறமளவு ஒரு மேகம். ஐப்பசி பிறந்துவிட்டது. உப்பு விற்கப் போனால் மழை பெய்யும், மாவு விற்கப் போனால் காற்றடிக்கும் என்று சிரிப்பாகச் சொல்வோமே, அவளுக்கு அன்று அது சிரிப்பாக இல்லை. மழை விழுந்தால் புருஷன் கரைந்து வாய்க்காலோடு போய்விடுவான். புதைக்கவும் ஒன்றும் மிஞ்சாது.

எழுந்தாள். வறுத்த கம்பு மாவில் கருப்பட்டியைத் தட்டிப்போட்டு ஒரு துணியில் கட்டிக்கொண்டாள். வீட்டுப் பானையிலிருந்து ஒரு பிடி உப்பை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். உப்பளத்துச் சனங்களுக்கு அது வழக்கம். அசலூருக்குப் போகும்போது தன் வீட்டு உப்பு தன்னிடம் இருக்க வேண்டும். அங்கே எவன் எதைப் போட்டுக் கொடுப்பானோ, யார் கண்டார்கள்?

அரண்மனையில் அவளைக் கண்டதும் சாம்பலாண்டி முற்றத்தைக் கையால் காட்டி, இன்னும் ஒரு ஆளுக்கு இடமிருக்கிறது என்றான். அவள் முற்றத்தைப் பார்த்தாள். சமையல்காரர், பாட்டுக்காரர், கடைசியில் கொம்பையா. வெயிலில் அவன் கன்னம் மினுமினுத்தது. நீட்டிய வலது கை எதையோ கேட்பது போல நின்றது. ஒரு பனையோலையாவது மேலே போட்டு மூடுங்கள் சாமி என்று கெஞ்சினாள். மீன் தின்னட்டும், மூடலாம் என்று அவன் சொல்லிவிட்டான்.

சடைச்சி கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல? பளபளக்கும் தங்கத்தில் நாலு பக்கமும் தன் முகமே தெரிந்தால் மீன் எங்கே நிம்மதியாக இருக்கும்? தலைக்கு மேல் தீவட்டி, பக்கத்தில் மேளம், போகிறவன் வருகிறவனெல்லாம் விரலால் கிண்ணத்தைத் தட்டிப் பார்க்கிறான். அடியில் அழுகிய சோறு. மீனின் செதில்கள் கன்றி, வாலோரம் வெள்ளையாகப் புண் வைத்திருந்தது. புது இடத்துக்கு வந்த எந்த உயிருக்கும் முதலில் வேண்டியது சோறு இல்லை, ஒளிந்துகொள்ள ஒரு மூலை.

முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் ஒரு பழைய கல்தொட்டி கிடந்தது. அதைக் கழுவி, கிணற்று நீரை ஊற்றி, வெயிலில் ஆறவிட்டாள். ஒரு பிடி பாசி போட்டாள். உடைந்த பானை ஒன்றைக் கவிழ்த்துக் குகை மாதிரி வைத்தாள். மீனை ஒரு சின்ன மண்கலயத்தில் மாற்றி, அந்தக் கலயத்தைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டாள். இரண்டு தண்ணீரும் ஒரே சூடாகட்டும் என்று காத்திருந்து, தொட்டி நீரை ஒரு சிரட்டை ஊற்றுவாள், பொறுப்பாள், இன்னொரு சிரட்டை ஊற்றுவாள், பொறுப்பாள். கடைசியில் கலயத்தைச் சாய்த்தாள். மீன் தானாக வெளியே வந்து, விர்ரென்று பானைக்குள் போய் ஒளிந்துகொண்டது. தொட்டி மேல் ஒரு ஓலையைப் பரப்பிவிட்டு, அவளும் சத்தம் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

சாம்பலாண்டி வந்தான். தன் பையிலிருந்து உப்புப் போட்டுப் பிசைந்த சோற்றை ஒரு வட்டிலில் கொண்டுவந்து வைத்தான்.

"தின்றதா?"

"பழகட்டும் சாமி."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு போனான். மேகம் முறமளவிலிருந்து பாயளவு ஆகியிருந்தது.

சடைச்சிக்கு மட்டும் அவசரம் இல்லையா? இருந்தது. ஒரு கண் தொட்டியில், ஒரு கண் வானத்தில். ஆனால் பயந்த மீனை அவசரப்படுத்தினால் செத்து மிதக்கும் என்று அவளுக்குத் தெரியும். அரண்மனைச் சோற்றை அவளும் தொடவில்லை. வீம்பு ஒன்றும் இல்லை, புருஷன் எதிரே உப்பாய் நிற்கும்போது தொண்டையில் இறங்கவில்லை. கம்பு மாவில் ஒரு சிட்டிகையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டாள். பிறகு மீனின் வால்புண் ஞாபகம் வந்தது. புண்பட்ட மீனுக்கு உப்புத்தண்ணீர்தான் மருந்து. முந்தானையை அவிழ்த்து, தன் வீட்டு உப்பில் ஒரு சிட்டிகை எடுத்துத் தொட்டியில் தூவினாள்.

மீன் பானையைவிட்டு வெளியே வந்தது. மேலே வந்து தலையைத் தூக்கிப் பேசியது.

"அக்கா, நீங்களும் சாப்பிடவில்லையே."

சடைச்சி ஆடிப்போனாள். பயப்படாதீர்கள் அக்கா என்று மீன் சொல்லி, மெல்லிய குரலில் தன் கதையை அவிழ்த்தது. அது மீன் இல்லை. ராஜாவின் தங்கை அமுதவல்லி. பெயரில் அமுதை வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறாள், பாருங்கள் தலையெழுத்தை. இளவரசி நோயாக அந்தப்புரத்தில் படுத்திருக்கிறாள் என்று ஊருக்குச் சொல்லியிருந்தான் அந்தப் பாவி.

சாம்பலாண்டி கற்றது உப்பு மந்திரம். தானாக வாய் திறந்து அவன் உப்பைத் தின்றவர்கள் அவனுக்கு அடிமை. திணித்தால் பலிக்காது, விரும்பித் தின்ன வேண்டும். அதற்காக ஒரு விருந்து வைத்தான். ராஜா தின்றார், மந்திரி தின்றார், சேனை முழுக்கத் தின்றது. அமுதவல்லிக்கு மட்டும் அவன் முகத்தைப் பார்த்ததும் பிடிக்கவில்லை. இலையைத் தொடாமல் எழுந்து, உன் வீட்டில் நான் கை நனைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பகையாளி வீட்டில் சாப்பிட மாட்டேன் என்பதை நாம் அப்படித்தானே சொல்வோம்.

"அதற்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா அக்கா? கை நனைக்க மாட்டாயா, அப்படியானால் முழுக்க நனைந்து கிட என்றான். அன்றிலிருந்து நனைந்துகொண்டே கிடக்கிறேன்."

ராஜ வம்சத்தில் அவன் உப்பைத் தின்னாமல் மிச்சம் அவள் ஒருத்தி, வம்சத்தில் ஒருவர் விடாமல் தின்றால்தான் சிங்காசனம் மந்திரத்துக்குக் கட்டுப்படும். அவள் அவன் உப்பைத் தின்றுவிட்டால் சிங்காசனம் அவனுக்கு. தின்னாமல் செத்தால் சிங்காசனம் அவனுக்கு என்றைக்கும் இல்லை. அதனால்தான் இத்தனை பாடு. இன்னொன்றும் சொன்னாள் அமுதவல்லி. அந்த மந்திரத்துக்கு அவனும் கட்டுப்பட்டவன், பிறத்தியார் உப்பு அவன் நாக்கில் பட்டால் அவனும் அடிமைதான். அதனால் அவன் எந்த வீட்டிலும் கை நனைப்பதில்லை, தன் உப்பைத் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டு அலைகிறான். நீங்கள் மருந்தாகப் போட்டீர்கள் அக்கா, விலங்காகப் போடவில்லை, அதனால்தான் என் வாய்க்கட்டு அவிழ்ந்தது என்று சொல்லி முடித்து, பேசிய களைப்பில் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தாள். இன்னும் கொஞ்சம் பட்டினி கிடந்தால் தாங்காது என்று சடைச்சிக்குத் தெரிந்தது.

அப்போது சாம்பலாண்டி வந்தான்.

"தின்றதா?"

"பழகட்டும் சாமி. வால்புண்ணுக்கு மருந்து போட்டிருக்கேன்."

என்ன மருந்து என்று கேட்டான். உப்பு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், தேள் கொட்டியவன் போலத் துள்ளினான். இந்த அரண்மனையில் என் உப்பைத் தவிர வேறு உப்பு இருக்கக் கூடாது என்று கத்தி, அவள் முந்தானை முடிச்சைப் பிடுங்கி மதிலுக்கு வெளியே வீசிவிட்டான். மழைக்கு முன் மீன் தின்னாவிட்டால் உனக்கும் முற்றம்தான் என்று சொல்லிவிட்டுப் போனான். மேகம் பாயளவிலிருந்து பந்தலளவு ஆகியிருந்தது.

இப்போது சடைச்சி என்ன செய்வாள், நீங்களே சொல்லுங்கள். மீன் அவளுக்குப் பழகிவிட்டது, கையை நீட்டினால் வருகிறது. வட்டிலில் இருக்கும் சோற்றை நீட்டினால் போதும், கொம்பையா திரும்பி வந்துவிடுவான். யாரோ ராஜா, யாரோ தங்கை, இவர்களுக்காக என் மச்சானைக் கரைய விடணுமா என்று நினைத்தாள். நினைக்கத்தான் செய்தாள், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? வட்டில் சோற்றில் ஒரு பருக்கையை எடுத்துத் தண்ணீர் வரைக்கும் கொண்டுபோனாள். மீன் வந்தது. அவள் விரலைப் பார்த்தது, முற்றத்தில் நிற்கும் உப்பு மனிதனைப் பார்த்தது.

"அது உங்கள் வீட்டுக்காரரா? உங்களுக்காக வேண்டுமானால் தின்கிறேன் அக்கா."

சடைச்சி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பருக்கையை உதறிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நம்பி வந்த உயிருக்கு விஷம் வைக்க அவள் கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பு மாவில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, மிளகளவு உருட்டி நீட்டினாள். கருப்பட்டி போட்ட மாவு, அதில் உப்பு ஏது? மீன் ஒன்றைத் தின்றது. பிறகு இன்னொன்று. பிறகு குழந்தை மாதிரி அவசர அவசரமாகத் தின்றது. அதைப் பார்க்கப் பார்க்கச் சடைச்சிக்குத் தன் வயிறு நிறைந்தது.

மீன் தின்கிறது என்று காவலாளி ஓடிப்போய்ச் சொல்ல, சாம்பலாண்டி சிரித்துக்கொண்டே வந்தான். தொட்டிக்கு மேல் உள்ளங்கையை விரித்து, வா என்றான். தன் உப்பைத் தின்ற மீன் தன் கையில் துள்ளி விழ வேண்டும். மீன் வாலை ஒரு சுழற்றுச் சுழற்றிப் பானைக்குள் போய்விட்டது. அவன் வட்டிலைப் பார்த்தான், சோறு அப்படியே இருந்தது. மாவைப் பார்த்தான், புரிந்துகொண்டான்.

அதே நேரம் மழை தூறியது.

சடைச்சி முற்றத்துக்கு ஓடினாள். ஓட்டு விளிம்பிலிருந்து நீர் சொட்டும் இடத்தில் நின்றவர் சமையல்காரர் அம்பலவாணர். அவள் போவதற்குள் அவர் தோள் சரிந்து, முகம் வழிந்து, ஒரு வெள்ளைக் குவியலாகி, குவியலும் வாய்க்காலில் போய்விட்டது. நல்ல மனுஷர், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். பாட்டுக்காரருக்குத் தொண்டையில் நீர் வழிந்து குழி விழுந்தது. சடைச்சி கொம்பையாவைக் கட்டிக்கொண்டு, தன் முதுகால் மழையை வாங்கினாள். உடம்பை மூடிவிட்டாள். நீட்டியிருந்த வலது கையை மூட முடியவில்லை. அவள் கண்ணெதிரே அந்தக் கையின் விரல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து அவள் உள்ளங்கையில் விழுந்தன.

தூறல் நின்றது. அடுத்து வருவது தூறலாக இருக்காது, வானம் அவ்வளவு கறுத்துக் கிடந்தது. சடைச்சி அந்த ஐந்து விரல்களையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். மந்திரம் என்றாவது தீர்ந்தால் ஒட்டவைத்துக்கொள்ளலாம் என்று ஒரு ஆசை. அந்தக் கை அவளுக்குக் குடம் தூக்கிவிட்ட கை, விட மனசு வருமா?

சாம்பலாண்டி தாழ்வாரத்தில் நின்று, என்னை ஏமாற்றவா பார்த்தாய் என்று கேட்டான். இப்போது உன் மாவிலேயே என் உப்பைப் போட்டுப் பிசை, என் கண் முன்னால் ஊட்டு, இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு நீயும் உன் புருஷனும் சேர்ந்தே கரையலாம் என்று சொல்லி, இடுப்பிலிருந்த தோல்பையை அவிழ்த்து அவள் மடியில் எறிந்தான்.

சடைச்சி மாவை எடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கிற சாக்கில் முடிச்சை அவிழ்த்தாள். விரல்கள் கையில் பட்டன. ஒரு கணம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். ஒட்டவைக்கலாம் என்ற ஆசை அந்தக் கணத்தோடு போயிற்று. கையை இறுக்கி மூடினாள், உப்பு நொறுங்கியது. மூடிய கையைத் தோல்பைக்குள் விட்டாள், மூடியபடியே வெளியே எடுத்தாள், மாவில் தூவிப் பிசைந்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தான் அவன். கை பைக்குள் போனது, உப்போடு வந்தது, வேறென்ன தெரியும் அவனுக்கு?

மாவை உருட்டி மீனுக்கு நீட்டப் போனவள், நிறுத்தினாள். எந்த வீட்டிலும் அடுப்படியில் கேட்கும் ஒரு வார்த்தையைக் கேட்டாள்.

"உப்புப் பார்த்துச் சொல்லுங்க சாமி."

அவன் முறைத்தான். அவள் தலை குனிந்தபடி, கூடிவிட்டால் மீன் செத்துவிடும், குறைந்துவிட்டால் உங்கள் மந்திரத்துக்குப் பத்தாது, பிறகு என்னைக் குற்றம் சொல்லாதீர்கள் என்றாள். ஒரு தடவை ஏமாந்தவனுக்கு இரண்டாம் தடவை சந்தேகம் வருமில்லையா? இவள் உண்மையில் உப்புப் போட்டாளா, போட்டது மாதிரி நடித்தாளா? அவளுடைய உப்பைத்தான் மதிலுக்கு வெளியே வீசியாயிற்றே. சாம்பலாண்டி ஒரு சின்ன உருண்டையைக் கிள்ளி நாக்கில் வைத்தான். சப்புக்கொட்டி விழுங்கினான்.

"உப்பு இருக்கா சாமி?"

"இருக்கிறது."

"யார் வீட்டு உப்பு?"

சடைச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உங்க பையில நான் எதையும் எடுக்கல. நீங்க தின்னது என் மச்சான் விரலு. என் வீட்டு உப்பு."

சாம்பலாண்டி காறித் துப்பினான், நாக்கைத் துணியால் தேய்த்தான், விரலை விட்டு உமட்டிப் பார்த்தான். பட்டது பட்டதுதான். அவன் முழங்கால்கள் தானாக மடங்கின. நாடெல்லாம் எவன் காலில் விழுந்ததோ அவன் கிணற்றுக்கு மீன் விடுகிறவள் முன்னால் மண்டியிட்டுக் கிடந்தான்.

முற்றத்தில் நிற்கிறவர்களை அவிழ் என்றாள், அவிழ்த்தான். மீனை அவிழ் என்றாள், அவிழ்த்தான். உன் உப்பைத் தின்றவர்கள் எல்லோரையும் அவிழ் என்றாள், பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு அவிழ்த்தான். கொம்பையா மூச்சை இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். பாட்டுக்காரர் தொண்டையைப் பிடித்துக்கொண்டார், வாய் அசைந்தது, குரல் வரவில்லை. தொட்டிக்குள் ஓர் இளம்பெண் எலும்பும் தோலுமாக நடுங்கிக்கொண்டு நின்றாள். உள்ளே ராஜா, என் தங்கை எங்கே என்று அலறுவது கேட்டது. அம்பலவாணர் நின்ற இடத்தில் வெறும் ஈரம். கரைந்தவரைத் திரட்ட எந்த மந்திரத்தாலும் முடியாது.

உன் உப்பைத் தின்றவன் நான், என்னை விட்டுவிடு தாயே என்று சாம்பலாண்டி கெஞ்சினான். சடைச்சி அந்த ஈரத்தைப் பார்த்தாள். புருஷனின் கையைப் பார்த்தாள்.

"கை நனைச்சுட்டீங்க சாமி. இனி முழுக்க நனைஞ்சு கிடங்க."

பெருமழை அப்போதுதான் இறங்கியது. அமுதவல்லி தொட்டியிலிருந்து ஏறி வரவும், கரேலென்று ஒரு மீன் அதற்குள் விழவும் சரியாக இருந்தது.

ராஜா என்ன வேண்டும் என்று கேட்டார். அம்பலவாணர் வீட்டில் என்றைக்கும் உலை கொதிக்க வேண்டும் என்றாள் சடைச்சி, உப்பளம் உப்பு வாருகிறவர்களுக்கே சொந்தமாக வேண்டும் என்றாள். இரண்டும் கிடைத்தன. விரல் எங்கே புள்ள என்று கொம்பையா கேட்டபோது, மழை கொண்டுபோயிருச்சு மச்சான் என்று சொல்லிவிட்டாள். அவன் அவளுக்காக ஒரு பொய் சொன்னவன்தானே, அவளும் அவனுக்காக ஒன்று சொன்னாள்.

கறுப்பு மீன் என்ன ஆயிற்று என்றா கேட்கிறீர்கள்? அமுதவல்லி தினமும் காலையில் தன் கையால் சோறு போட்டாள். அது தின்னவில்லை. தின்னமாட்டேன் என்கிறதே என்று தோழிப் பெண்கள் வந்து சொல்லும்போதெல்லாம் சடைச்சி, பழகட்டும் என்று மட்டும் சொல்வாள்.

மழை விட்ட அன்றே அரண்மனையில் விருந்து நடந்தது. இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அமுதவல்லி கை நனைக்கப் போகிறாள். அவள் இலையில் கை வைக்காமல் கொம்பையாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, பசியில்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். இடது கையால் சபையில் எப்படிச் சாப்பிடுவான்? சடைச்சி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்து உருட்டி அவன் வாயில் வைத்தாள். அவன் மென்றான்.

"உப்புக் கொஞ்சம் கம்மி புள்ள."

சடைச்சி இலை ஓரத்திலிருந்த உப்பில் ஒரு சிட்டிகை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. என்ன புள்ள என்று அவன் கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, சோற்றில் தூவிப் பிசைந்து ஊட்டினாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அமுதவல்லி தன் இலையில் கை வைத்தாள்.

கதை அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் சோறு வெந்திருக்கும், எழுந்து போய்க் கை நனையுங்கள். யாராவது உப்புப் பார்க்கச் சொன்னால் மட்டும், யார் வீட்டு உப்பு என்று கேட்டுக்கொண்டு நாக்கில் வையுங்கள்.